காற்றுச் செடி: தண்ணீர் விடுவதைவிட உலர விடுவதே முக்கியம்

காற்றுச் செடி என்ற பெயர் பலரை ஏமாற்றிவிடுகிறது. மண் வேண்டாம், சட்டி வேண்டாம், காற்றைக் குடித்தே வளரும் என்று சொல்லித்தான் பூச்செடிக் கடைகளிலும் இணையத்திலும் இதை விற்கிறார்கள். வாங்கியவர்கள் இரண்டு விதமாக இதைப் பறிகொடுக்கிறார்கள். சிலர் அந்தப் பேச்சை நம்பித் தண்ணீரே காட்டாமல் காயவிடுகிறார்கள். மற்றவர்கள், பாவம், நன்றாகக் கவனிக்கிறோம் என்று எண்ணி காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார்கள். பார்க்கப் பச்சையாகவே இருக்கும் செடியை ஒரு நாள் கையில் எடுத்தால், அடி கறுத்து, நடுக்குருத்து தனியாகக் கழன்று வரும். மலேசிய, சிங்கப்பூர் வானிலையில் இந்த இரண்டாவது சாவுதான் வழக்கம்.

இதற்குக் காரணம் செடியின் பிறப்பிலேயே இருக்கிறது.

அன்னாசியின் உறவு

கடைகளில் காற்றுச் செடி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் டில்லான்சியா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அன்னாசிக் குடும்பம். அமெரிக்காவின் தென்பகுதி, மெக்சிகோ, கரீபியத் தீவுகள் தொடங்கி தென் அமெரிக்கா வரை 600க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. மரக்கிளை, பாறை, சில இடங்களில் மின்கம்பி என்று எதையாவது பற்றிக்கொண்டு வளர்கின்றன. வேர் உண்டு, ஆனால் அது பிடித்துக்கொள்ளத்தானே தவிர குடிக்க அல்ல.

மரத்தில் ஒட்டி வளர்வதால் இதைப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றையே உறிஞ்சும். காற்றுச் செடி மரத்திடம் இடத்தை மட்டுமே கேட்கிறது. செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. செம்பனை மரத்தின் மட்டைக் காம்புகளுக்கு இடையே அடர்ந்து தொங்கும் பெரணிகளும், பழைய தோட்ட வீடுகளின் முன்னால் மரத்தில் கட்டி வளர்த்த மான்கொம்புச் செடியும் இப்படி ஒண்டி வாழ்பவைதாம்.

தண்ணீரைக் குடிப்பது இலை. இலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் போர்த்தியிருக்கின்றன. மழைத்துளியோ பனித்துளியோ பட்டதும் அவை ஈரத்தை இழுத்து உள்ளே அனுப்பும். அன்னாசி இலையைத் திருப்பி அடிப்புறத்தை விரலால் தேய்த்தால் வெள்ளையாக மாவு போல ஒன்று வரும் அல்லவா, அதே குடும்பச் சொத்துதான். காற்றுச் செடியில் அது இன்னும் அடர்த்தி. சாம்பல் நிறத்தில் வெள்ளிப் பூச்சு போலத் தெரிவதெல்லாம் இந்தச் செதில்களே.

இந்த இனத்துக்குப் பெயர் வந்த கதையும் சுவையானது. 17ஆம் நூற்றாண்டில் ஃபின்லாந்தின் துர்க்கு நகரில் பணியாற்றிய எலியாஸ் தில்லாண்ட்ஸ் என்ற மருத்துவரின் பெயரையே லின்னேயஸ் இதற்குச் சூட்டினார். ஒருமுறை கப்பல் பயணத்தில் கடல் குமட்டலால் படாதபாடு பட்ட தில்லாண்ட்ஸ், திரும்பும்போது வளைகுடாவையே சுற்றிக்கொண்டு தரைவழியாக ஊர் வந்து சேர்ந்தார் என்று லின்னேயஸ் எழுதிவைத்தார். தண்ணீரைக் கண்டு ஒதுங்கியவரின் பெயர், தண்ணீரில் நின்றால் அழுகிப்போகும் செடிக்கு!

இரவில் மூச்சுவிடும் செடி

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். காற்றுச் செடி அப்படியல்ல. பகல் வெயிலில் துளைகளைத் திறந்தால் உள்ளிருக்கும் கொஞ்ச நஞ்ச ஈரமும் போய்விடும் என்பதால், பகலில் மூடிவைத்து இரவில் திறக்கிறது. அன்னாசியும் கள்ளியும் செய்வது இதையேதான்.

மாலையில் வேலை முடிந்து வந்து செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் இங்குதான் கெடுதலாகிறது. இலைமேல் ஈரம் படர்ந்திருந்தால் செதில்கள் நீரில் ஊறிப் படிந்து துளைகளை மூடிக்கொள்ளும்; மூச்சுவிட வேண்டிய நேரத்தில் செடியால் மூச்சுவிட முடியாது. நம் ஊரில் இரவில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். மாலை ஆறு மணிக்கு நனைத்த செடி மறுநாள் விடியும்வரை காயாது.

எனவே தண்ணீர் காலையில்தான். நனைத்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் இலையிடுக்கு வரை உலர்ந்துவிட வேண்டும். உலர்ந்ததா என்பதைச் செடியே சொல்லும். நனைந்ததும் செதில்கள் நீரில் ஊறி கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். காய்ந்ததும் மறுபடி வெள்ளி நிறம் வந்துவிடும். மதியம் ஆகியும் இலையின் அடிப்பகுதி பச்சையாகவே இருந்தால், அந்த இடத்தில் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். தண்ணீரைக் குறைப்பதைவிட, முதலில் இடத்தை மாற்ற வேண்டும். ஒரு மேசை விசிறியைத் திருப்பி வைத்தாலும் போதும்.

புத்தகங்களிலும் காணொளிகளிலும் ‘வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கவும்’ என்று சொல்வார்கள். அது பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்கான பேச்சு. அங்கே சூடேற்றி வைத்த அறையின் காற்று வறண்டிருக்கும். இங்கே குளிர்சாதன அறையில் வைத்த செடிக்கு மட்டும் அது ஓரளவு பொருந்தும்: வாரம் ஒருமுறை 15, 20 நிமிடம் ஊறவைத்து, தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, காற்றாடும் இடத்தில் கவிழ்த்து வைத்து உலர்த்திய பிறகே திரும்ப உள்ளே எடுத்துச் செல்ல வேண்டும். வீட்டு முகப்பில், கூரை இறவாரத்தின் கீழ், அடுக்குமாடி வீட்டின் மாடத்தில் தொங்குவதற்கு வாரத்தில் இரண்டு மூன்று காலைகள் நனைய நனையத் தெளித்தால் போதும். மழை தொடர்ந்து பெய்யும் வாரங்களில் அதுவும் வேண்டாம். வெயில் கொளுத்தும் மாதங்களில் கூடுதலாக ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.

தாகம் எடுத்த செடியின் இலை உள்ளுக்குச் சுருண்டு நுனி பழுப்பாகும். இது மீளக்கூடியது, ஒருமுறை ஊறவைத்தால் தேறிவிடும். அழுகிய செடி மீளாது. ஐயமாக இருந்தால் தண்ணீர் விடாமல் இருப்பதே நல்லது.

மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் குழாயில் சொட்டும் நீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறார்கள் சிலர். அது குளிர்கம்பிகளின் மேல் வழிந்து வரும் நீர், செம்பு கலந்திருக்கலாம். இந்தக் குடும்பச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு. அதே காரணத்தால் செம்புக் கம்பியில் செடியைக் கட்டித் தொங்கவிடவும் கூடாது.

எங்கே தொங்கவிடலாம்?

சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டத்துக்குச் சென்றவர்கள் அங்குள்ள செயற்கைப் பெருமரங்களைப் பார்த்திருப்பார்கள். 2012ல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்தின் 18 பெருமரங்கள் 25 முதல் 50 மீட்டர் உயரம் கொண்டவை. அவற்றின்மீது பெரணி, ஆர்க்கிட் ஆகியவற்றோடு டில்லான்சியாக்களும் வளர்கின்றன. வெட்டவெளி, கொட்டும் மழை. ஆனாலும் அழுகவில்லை. செங்குத்தான பரப்பில் நீர் நிற்காது. உயரத்தில் காற்று ஓயாது. வீட்டில் செய்ய வேண்டியதும் அதுவே.

காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் சிறந்தது. உச்சி வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம். தகரக் கூரைக்கு அடியில் ஒட்டினாற்போல் தொங்கினாலும் வெக்கையில் வெந்துவிடும். கார் நிறுத்தும் முகப்பில் இரும்புக் கிராதியை ஒட்டித் தொங்கவிடுவது தாமான் வீடுகளுக்குப் பொருத்தம். குளியலறையில் ஈரம் இருக்கிறது என்று அங்கே வைப்பவர்கள் உண்டு. சன்னல் இல்லாத குளியலறையில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை.

அடுப்படியும் சாமி அறையும் அழகாக இருக்கும், ஆனால் ஆகாது. தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் இலைமேல் படிந்து செதில்களை அடைத்துவிடும். மண் இல்லாததால் இந்தச் செடிகள் காற்றில் வருவதையே உள்ளே சேர்த்துக்கொள்கின்றன. சில நாடுகளில் காற்று எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று அளக்க ஆய்வாளர்கள் இவற்றைத் தொங்கவிட்டுப் பயன்படுத்தியிருக்கிறார்கள். புகைமூட்டக் காலம் முடிந்ததும் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிவிடுவது அவசியம். அதற்காக, நான்கு செடிகள் தொங்கினால் வீட்டுக் காற்று தூய்மையாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அழகாக வைப்பதில் ஒரே விதிதான்: நீர் தேங்கும் எதிலும் வைக்கக்கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் கண்ணாடி உருண்டை நம் ஊருக்கு மிக மோசமான தேர்வு. ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றங்கரையில் ஒதுங்கிய காய்ந்த கட்டை, தேங்காய் மட்டை, கொட்டாங்கச்சி, மூங்கில் தட்டி எல்லாம் நன்றாகப் பொருந்தும். தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் இழையால் தளர்வாகக் கட்டினால் சில மாதங்களில் வேர் தானே பிடித்துக்கொள்ளும். பால்மரக் காட்டில் வேலை செய்த குடும்பங்களில் பழைய பால் மங்கு ஒன்றிரண்டு இன்னும் கிடக்கும். அதன் அடியில் துளையிட்டுக் கவிழ்த்து, செடியைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் கடல் சொறிமீன் நீந்துவது போல இருக்கும். துளையில்லாமல் நிமிர்த்தி வைத்தால் அது கொசு வளர்க்கும் கிண்ணம்.

இது விளையாட்டுப் பேச்சு அல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். வீட்டில் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் உண்டு. காற்றுச் செடியைச் சரியாகத் தொங்கவிட்டால் நீர் தேங்க இடமே இல்லை. ஆனால் அதே குடும்பத்தில் நடுவில் கிண்ணம் போலக் குழிந்து நீர் பிடித்து வைக்கும் பெரிய புரோமிலியாச் செடிகள் உண்டு. இரண்டையும் ஒரே மூலையில் வைப்பவர்கள் அந்தக் குழியை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்தோ பீய்ச்சியோ கழுவ வேண்டும்.

எந்த வகை தாங்கும்?

முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு அயோனந்தா நல்லது. கைக்குள் அடங்கும் அளவு. பூக்கும் முன் நடு இலைகள் சிவந்து, ஊதா நிறத்தில் குழல் பூ வரும். வெங்காயம் போல அடி உப்பிய பல்போசா தாழ்நிலத்து ஈரக்காட்டுச் செடி என்பதால் நம் வானிலை அதற்குப் பழக்கமானதே. அதன் உப்பிய அடி உள்ளே வெற்றிடம். சொந்த ஊரில் அதில் எறும்புகள் குடியிருக்கும். உள்ளே நீர் புகுந்தால் வெளியேறாது என்பதால் ஊறவைக்காமல் தெளிக்க மட்டும் வேண்டும். பனி படர்ந்தது போல வெள்ளையாக இருக்கும் டெக்டோரம் பெரு, எக்குவடோர் மலைகளைச் சேர்ந்தது. கேமரன் மலையில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம்; கிள்ளானில் வேண்டாம்.

மலாய்க்காரர்கள் ‘ஜங்குட் ஆடாம்’, அதாவது ஆதாமின் தாடி, என்று அழைக்கும் சாம்பல் நிறச் சடையும் டில்லான்சியாதான். கொத்தாக வாங்கி அப்படியே தொங்கவிட்டால் வெளியே நன்றாகவும் உள்ளே பழுப்பாகவும் இருக்கும். நடுவில் காற்று புகாததே காரணம். கொத்தைப் பிரித்து மெல்லிய இழைகளாகத் தொங்கவிட வேண்டும். இழை மெலிது என்பதால் மற்றவற்றைவிட இதற்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் தினமும் காலையில் நனைக்கலாம்.

பெரிதாக, இலைகள் சுருண்டு வெள்ளியில் செய்த பூவைப் போல இருக்கும் செரோகிராபிக்கா விலை அதிகம், வளர்ச்சி மிக மெதுவு. காடுகளிலிருந்து அளவில்லாமல் பறிக்கப்பட்டதால் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது உள்ளது. வெளிநாட்டிலிருந்து அனுமதிச் சீட்டு இல்லாமல் தருவிப்பது சட்டப்படி குற்றம். ‘சுங்கம் பற்றிக் கவலை வேண்டாம்’ என்று சொல்லி இணையத்தில் மலிவாக விற்பவரிடம் வாங்காமல், பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு உள்ளூரில் வாங்குவதே பாதுகாப்பு.

வாங்கும்போது அடியை அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் எடுக்கலாம். மெத்தென்று இருந்தால் வேண்டாம். சாயம் பூசிய செடிகளையும் தவிர்க்கலாம். சாயம் அடைத்த இலையால் நீர் குடிக்க முடியாது.

பூவும் குட்டியும்

காற்றுச் செடி ஒருமுறைதான் பூக்கும். பூத்து முடிந்ததும் மெல்ல மெல்ல வாடத் தொடங்கும். செடி கெட்டுவிட்டது என்று பலர் இந்த நேரத்தில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வாழை குலை தள்ளியதும் என்ன நடக்கிறதோ அதுவே இங்கும் நடக்கிறது. தாய் போகும் முன் பக்கத்தில் குட்டிகள் வரும். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று. இந்தச் சமயத்தில் ஆர்க்கிட் உரத்தை, புட்டியில் சொன்ன அளவில் கால் பங்காகக் கரைத்து, மாதம் ஒருமுறை தெளித்தால் குட்டிகள் தெம்பாக வளரும். செம்பு சேர்ந்த உரம் கூடாது.

பழுத்த ஆப்பிளோடு செடியைப் பிளாஸ்டிக் பையில் சில நாள் கட்டிவைத்துப் பூக்கச் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு செய்யும் வேலை அது. ஜொகூர் அன்னாசித் தோட்டங்களில் மருந்து ஊற்றி ஒரே நேரத்தில் பூக்கவைப்பதும் இதே வழிதான். ஆனால் வளர்ச்சி முற்றாத செடியை அவசரப்படுத்தினால் பூவும் சிறுக்கும், குட்டியும் வராது.

குட்டி தாயின் பாதி அளவை எட்டியதும் அடியைப் பிடித்து மெதுவாகத் திருகினால் கழன்று வரும். வராவிட்டால் இன்னும் தயாராகவில்லை. கத்தி வைக்க வேண்டாம். பிரிக்காமலே விட்டாலும் குறையில்லை. தாயின் காய்ந்த இலைகளை மட்டும் களைந்துகொண்டே வந்தால், குட்டிமேல் குட்டியாகச் சேர்ந்து சில ஆண்டுகளில் பந்து போலத் திரண்டு தொங்கும். அப்படித் திரண்ட பந்துக்கு நடுவில் காற்று புகுவது குறைவு என்பதால், தெளிக்கும் நாள்களின் இடைவெளியை அப்போது கொஞ்சம் கூட்ட வேண்டும்.