கடல் விலகிய கரையில் நாகூர் தர்கா

தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 140ஆம் எண் கட்டடத்தின் முன் நின்றால் இன்று கடல் தெரியாது. சுற்றிலும் அலுவலகக் கோபுரங்களே தெரியும். ஆனால், நிலமீட்புக்கு முன்பு அந்தத் தெருதான் கடற்கரை. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கட்டடம் ஏன் அங்கு எழுந்தது என்பது புரியும்.

தமிழகக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்து இறங்கியவர்களில் 'சூலியா' எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும் இருந்தனர். 1828க்கும் 1830க்கும் இடையே அவர்கள் கட்டியதே நாகூர் தர்கா. அதற்கான நிலத்தை அரசாங்கம் 1827ல், விற்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் காதர்பிள்ளை என்பவருக்கு வழங்கியது.

நாகூரில் அடங்கியுள்ள 16ஆம் நூற்றாண்டு இறைநேசர் சாகுல் ஹமீதின் நினைவாக இது எழுப்பப்பட்டது. இங்கு அவரது அடக்கத்தலம் இல்லை. கடற்பயணிகளின் காவலராக அவரைப் போற்றியவர்கள், பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும் என்று எண்ணினர்.

கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் மேற்கத்திய பாணித் தூண்களும் வளைவுகளும் உள்ளன. அண்ணாந்து பார்த்தால் துளை வேலைப்பாடுள்ள சுவர்களும் அடுக்கடுக்கான மினாராக்களும் தெரியும். உள்ளே போகும் அவசரத்தில் பலர் இந்த மேற்பகுதியைக் கவனிப்பதில்லை.

1974ல் இது தேசிய நினைவுச்சின்னமானது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, சீரமைப்புக்குப் பின் 2011ல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. தொழுகைக்கும் நேர்ச்சைக்கும் வந்தவர்களின் இடத்தில் இன்று மாணவர்களும் சுற்றுப்பயணிகளும் வருகின்றனர். சிங்கப்பூரில் இந்திய முஸ்லிம்கள் வேரூன்றிய வரலாற்றை இங்குள்ள காட்சிப்பொருள்கள் விளக்குகின்றன.

நிலையத்தைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் அதே தெருவில் சற்று நடக்கலாம். சில அடிகளில் தியான் ஹொக் கெங் ஆலயம். சீனக் குடியேறிகள் கடல் தெய்வமான மாசூவுக்கு எழுப்பியது அது. அதைத் தாண்டினால், 1827ல் சிறு குடிசையாகத் தொடங்கிய அல்-அப்ரார் பள்ளிவாசல். குடிசை என்ற பொருளில் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்ற பெயரும் உண்டு.

வெவ்வேறு கரைகளிலிருந்து வந்தவர்கள், கடலைக் கடந்த நன்றியை ஒரே தெருவில் செலுத்தியிருக்கின்றனர். கடல் விலகிப்போனாலும் அந்த நன்றியின் அடையாளங்கள் அங்கேயே நிற்கின்றன.

தெலுக் ஆயர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பிள்ளைகளுடன் தாத்தா பாட்டியையும் அழைத்துச் சென்றால், கண்காட்சியில் இல்லாத கதைகளும் கிடைக்கும்.