எத்தனை ஹெச்.பி.? – ஒரு கேள்வியின் வரலாறு



"கட்டுரை வேண்டும், ஆனால் பாடப் புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது" என்று மலர்க் குழுவினர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்கல்காரனுக்கு எஞ்சினை விட்டால் வேறு என்ன தெரியும்? ஆகவே எஞ்சினைப் பற்றியே எழுதுகிறேன். சூத்திரம் கொஞ்சம், கதை அதிகம். பயப்படாமல் படிக்கலாம்.

ஒரு பந்தயப் படகின் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரை ரீபோர் பண்ணி, புது பிஸ்டன், புது கேம் ஷாஃப்ட் எல்லாம் போட்டு மறுபடி பூட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வந்து கேட்கும் முதல் கேள்வி, "இப்போ எத்தனை ஹெச்.பி. வரும்?" என்பதுதான். கம்பெனித் தகட்டில் பொறித்த எண் இனிச் செல்லாது. மெக்கானிக் ஒரு எண் சொல்வார். ஓட்டுபவர் ஒன்று சொல்வார். படகை விற்க நினைப்பவர் இரண்டையும் தாண்டிச் சொல்வார். யாரை நம்புவது? இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல்.

குதிரைத்திறன் என்ற அளவே வியாபாரத்தில் பிறந்ததுதான். 1780களில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினை ஆலைக்காரர்களிடம் விற்க வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்ததோ செக்கு மாடு போலச் சுற்றி வரும் குதிரை. "உன் எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" என்பதுதான் அவர்கள் கேள்வி. வாட் கணக்குப் போட்டார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு குதிரை மணிக்கு 144 சுற்று வருகிறது. 180 பவுண்டு விசையோடு இழுக்கிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. அதை முழுமையாக்கி 33,000 என்று வைத்தார். சாதாரணக் குதிரை நாள் முழுக்க இவ்வளவு வேலை செய்யாது. அதனால் வாங்கியவருக்குச் சொன்னதற்குக் குறையாமல் கிடைத்தது. கணக்கும் நேர்மை, வியாபாரமும் கெட்டி!

அளவு வந்துவிட்டது, அளப்பது எப்படி? 1821இல் பிரான்ஸில் கஸ்பார் தெ ப்ரோனி என்ற பொறியாளர் வழி காட்டினார். சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடி. கட்டையோடு சேர்ந்த நீண்ட கையின் நுனியில் எடை வைத்து, அது சுற்றிவிடாமல் நிறுத்து. எடை தெரியும், கையின் நீளம் தெரியும், சுற்று வேகம் தெரியும். ஆக, திறனும் தெரியும். நம்மில் பலர் ஹீட் எஞ்சின்ஸ் லேபில் டிரம் மேல் கயிற்றைச் சுற்றி, எடைத் தட்டில் கல் ஏற்றி, புகை வராமல் தண்ணீர் ஊற்றினோமே, அந்த ரோப் பிரேக் இந்த ப்ரோனியின் பேரப்பிள்ளைதான். "டூ பை என் டி பை 4500" என்று வைவாவில் தூக்கத்திலும் சொன்னோம். முறுக்கு விசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் திறன். அவ்வளவுதான் அதன் பொருள்.

கயிறும் கட்டையும் சின்ன எஞ்சினுக்குச் சரி. கப்பல் எஞ்சினைக் கயிறு கட்டி நிறுத்த முடியுமா? அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை இண்டிகேட்டர் கருவியால் வரைந்து, அதிலிருந்து திறனைக் கணக்கிட்டார்கள். வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயர் 1871இல் 'கிரேஹவுண்ட்' என்ற போர்க்கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்கச் செய்து, தண்ணீரின் எதிர்ப்பை நேரடியாக அளந்தார். அடேயப்பா! சிலிண்டரில் பிறந்ததாகச் சொன்ன திறனில் பாதிகூடக் கப்பலை நகர்த்தப் பயன்படவில்லை. மீதி உராய்விலும் புரொப்பெல்லரிலும் கரைந்து போயிருந்தது.

ஃப்ரூட் அதோடு விடவில்லை. 1877இல் தண்ணீரையே பிரேக்காக்கும் டைனமோமீட்டரை விளக்கிக் கட்டுரை படித்தார். புரொப்பெல்லர் இருக்க வேண்டிய இடத்தில், கிண்ணம் கிண்ணமாகக் குழித்த ஒரு சக்கரம். எதிரே அதே போல் குழித்த கூடு. சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீர் கூட்டைச் சுழற்றப் பார்க்கும். அந்தத் திருகலை எடை வைத்து அளந்துவிடலாம். சூட்டைத் தண்ணீரே கொண்டுபோய்விடும். இன்றைக்கும் பெரிய எஞ்சின்களைச் சோதிக்கும் வாட்டர் பிரேக்கின் அடிப்படை இதுதான்.

இனி பந்தயப் படகுக்கு வருவோம். முதல் உலகப் போர் முடிந்ததும் விமான எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. அமெரிக்காவில் ஜார்ஜ் க்ரவுச் என்ற கப்பல் வடிவமைப்பாளர் (கல்லூரிப் பேராசிரியராகவும் இருந்தவர்) உருவாக்கிய 'பேபி பூட்லெக்கர்' என்ற படகு, ஹிஸ்பானோ-சுய்ஸா விமான எஞ்சினோடு 1924, 1925 இரண்டு ஆண்டும் கோல்டு கப் வென்றது. டைனமோமீட்டர் இல்லாதவர்களுக்காகக் க்ரவுச் ஒரு சுலபச் சூத்திரமும் விட்டுப் போனார். படகின் எடையைப் பவுண்டில் எடுங்கள். மணிக்கு எத்தனை மைல் போகிறது என்று பாருங்கள். வேகத்தை ஒரு மாறிலியால் வகுத்து, வர்க்கம் பண்ணி, எடையால் பெருக்கினால் ஹெச்.பி. மாறிலி சாதாரண ரன்னபவுட் படகுக்குச் சுமார் 150, வேகப் படகுக்கு 190, மூன்று முனையில் மட்டும் தண்ணீரைத் தொடும் ஹைட்ரோபிளேனுக்கு 220.

போட்டுப் பார்ப்போம். 4,000 பவுண்டு படகு, 60 மைல் வேகம், மாறிலி 190 என்றால் விடை சுமார் 400 ஹெச்.பி. மாறிலியை 180 என்று எடுத்தால் 444! எஞ்சினைத் தொடவே இல்லை. 44 குதிரை சும்மா முளைத்துவிட்டது. அடிப்பாகத்தின் வடிவத்தைத் தப்பாக மதித்தால் அந்தத் தப்பு எஞ்சின் கணக்கில் போய் உட்காரும்.

இதற்குச் சரித்திரமே சாட்சி. 1939இல் மால்கம் கேம்பெல், 2,000 ஹெச்.பி.க்கு மேல் தரக்கூடிய ரோல்ஸ்-ராய்ஸ் 'ஆர்' வகை எஞ்சினோடு மணிக்கு 141.74 மைல் சாதனை செய்தார். 1950 ஜூன் 26 அன்று சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் 'ஸ்லோ-மோ-ஷன் 4' அதை 160.323 மைலாக உயர்த்தியது. அதில் இருந்ததோ அதைவிடக் குறைந்த திறனுள்ள அல்லிசன் போர் விமான எஞ்சின்! படகு தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தது. புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி மட்டும் தண்ணீரில். வேகத்தை மட்டும் பார்த்து எஞ்சினுக்கு மார்க் போட முடியுமா?

அந்த அல்லிசனை விமானத்தில் 3,000 சுற்றில் ஓட்டினால் 1,200 ஹெச்.பி. என்று தரம் குறித்த ரகம் உண்டு. பந்தயக்காரர்கள் அதைப் பிரித்துப் பூட்டி 4,000 சுற்றுக்கு மேலும் ஓட்டினார்கள். முறுக்கு விசை குறையாமல் இருந்தால் 4,000இல் 1,600 ஹெச்.பி. வர வேண்டும். அந்த "இருந்தால்" தான் சங்கதி. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்று நிரம்ப நேரம் போதாது, உராய்வும் கூடும். சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைக் கூட்டினால் முறுக்கு விசை ஏறும். எஞ்சினின் ஆயுள் இறங்கும். இதையெல்லாம் காகிதத்தில் ஊகிக்கலாம். நிச்சயமாகச் சொல்ல பிரேக்தான் வேண்டும்.

பிரேக்கில் அளந்தாலும் ஒரு கேள்வி பாக்கி: எந்த நிலையில் அளந்தது? அமெரிக்கக் கார்க் கம்பெனிகள் விசிறி, ஆல்டர்னேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி அளந்த எண்ணைத்தான் நெடுங்காலம் விளம்பரம் செய்தன. 1972 மாடல்களிலிருந்து அவற்றை மாட்டி அளந்த நிகர எண்ணுக்கு மாறின. அதே எஞ்சின், ஆனால் காகிதத்தில் குதிரைகள் குறைந்துபோயின! படகிலும் கிராங்க் ஷாஃப்டில் ஒரு எண், கியர் தாண்டிய புரொப்பெல்லர் ஷாஃப்டில் இன்னொரு எண். சித்திரை வெயிலில் காற்று அடர்த்தி குறைந்தால் அதுவும் குறையும்.

இது பந்தயக்காரர் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரையில் மீன்பிடி விசைப்படகுகளுக்குக் குதிரைத்திறன் வரம்பு உண்டு. ஒருவர் வரம்பு மீறினால், பக்கத்துப் படகுக்காரரின் வலையில் மீன் குறைகிறது. அங்கே தகட்டில் உள்ள எண்ணும், ஓவர்ஹாலுக்குப் பிறகு உண்மையில் வரும் எண்ணும் ஒன்றா என்பது பல குடும்பங்களின் சோற்றுப் பிரச்சினை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருவீர்கள். யாராவது உங்களிடம் ஒரு ஹெச்.பி. எண்ணை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள்: அளந்ததா, ஊகித்ததா? எந்த ஷாஃப்டில்? எத்தனை சுற்றில்? பதில் வந்தால் எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள். வராவிட்டால், எஞ்சினை பிரேக்கில் ஏற்றச் சொல்லுங்கள். குதிரை பொய் சொல்லாது. குதிரையைப் பற்றிச் சொல்பவர்தான் சொல்வார்.