சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது

வாகனம் நகராமல் நின்று போனதால் புகழ் பெற்ற ஊர் எங்கள் திருமுல்லைவாயில். குறும்பரோடு போரிட வந்த தொண்டைமானின் யானை காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, யானை ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. மன்னன் வாளால் கொடியை வெட்டினான், ரத்தம் பெருகியது, கொடிக்குள்ளே சிவலிங்கம் இருந்தது என்பது மாசிலாமணீஸ்வரர் கோயில் தலபுராணம். பௌர்ணமியோடு வரும் வெள்ளிக்கிழமையில் கொடியிடை நாயகியைத் தரிசிக்க வருகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான்.

யானை விஷயத்தில் காரணம் காலடியிலேயே தெரிந்துவிட்டது. பழைய கார் விஷயத்தில் அப்படி இல்லை. அடியோடு செத்துப்போன காரைப் பிழைக்க வைப்பது சுலபம். எங்கே போனது என்று தேடினால் கிடைத்துவிடும். சில நாள் எடுக்கும், சில நாள் எடுக்காது என்கிற கார்தான் ஆளைக் கொல்லும். மெக்கானிக் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகி நம் மானத்தை வாங்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய குணம். 60, 70, 80களில் கார் வைத்திருந்தவர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். அந்தக் கோளாறுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் பெரும் பகுதி நம் எம்.டி.எச். ரோட்டின் மேலேயே நடந்தது.

முதலில் ஹேண்டில். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கும் ஓட்டையில் இரும்புக் கம்பியை நுழைத்துச் சுற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைக்க வேண்டும், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பெரியவர்கள் காரணமும் சொன்னார்கள்: நெருப்பு முன்கூட்டியே பற்றினால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும், மணிக்கட்டு முறியும். உலகம் முழுவதும் அப்படி முறிந்த கைகள் ஏராளம். யுத்த காலத்துக் கரி பஸ் இதைவிடப் பாடு. பெட்ரோல் ரேஷன் வந்தபோது டி.வி.எஸ். கம்பெனி கரி வாயு பிளாண்ட் தயாரித்துக் கொடுத்தது. அதை மாட்டிய பஸ் கிளம்ப வேண்டுமென்றால் முதலில் கரியை மூட்டி, துருத்தி மாதிரி விசிறியைச் சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். என் அப்பா தலைமுறை பயணிகள் அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்ததாகச் சொல்வார்கள்.

ஹேண்டிலுக்கு விடை கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பட்டனை அழுத்தினால் கல்லாவின் இழுப்பறை திறக்க ஒரு சின்ன மின்மோட்டாரை அங்கே அமைத்திருந்தார். கார் இன்ஜினைச் சுற்ற வேண்டுமானால் இன்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, கல்லாவைத் திறந்தவருக்கு மட்டும் விஷயம் புரிந்தது: மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், சில விநாடி மூச்சைப் பிடித்துத் தள்ளினால் போதும். 1911ல் செய்து காட்டினார், 1912 மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அந்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்'தான் நம் வாயில் 'செல்ஃப்' ஆனது. அவர் நடத்திய கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. நம் ஊர் மெக்கானிக்குகள் டிஸ்ட்ரிபியூட்டரை டெல்கோ என்றுதானே சொல்வார்கள்? மூடியில் லூகாஸ் என்று அச்சடித்திருந்தாலும் அது டெல்கோதான். ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரக் கம்பெனியின் பெயர் அம்பத்தூர் ஓ.டி. பட்டறை வரை வந்து உட்கார்ந்துகொண்டது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

அந்தச் செல்ஃப் பாடிக்கு வந்த கதையைச் சொல்கிறேன். சுதந்திரத்துக்குப் பின் கொஞ்ச காலம் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளிநாட்டுப் பாகங்களை இங்கே கொண்டுவந்து பூட்டி விற்றன. 1953ல் டாரிஃப் கமிஷன், படிப்படியாகப் பாகங்களை இங்கேயே தயாரிக்கத் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. அந்த இரண்டும் மூட்டை கட்டின. மிஞ்சிய கார்கள் நம் தலைமுறைக்குத் தெரிந்தவைதான்: உத்தரபாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. கார் இங்கே செய்ய வேண்டுமென்றால் செல்ஃபும் டைனமோவும் டெல்கோவும் இங்கே செய்தாக வேண்டும். அப்படி 1961ல் பிறந்தது லூகாஸ் டி.வி.எஸ். பக்கத்திலேயே வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். அம்பத்தூரில் அதற்கு முன்பே டி.ஐ. சைக்கிள் வந்துவிட்டது. லூகாஸ், டி.ஐ. இரண்டுக்கும் தாய் வீடு பர்மிங்ஹாம். அங்கே லூகாஸ் ஆரம்பத்தில் சைக்கிள் விளக்கு செய்து பேர் வாங்கிய கம்பெனி. இங்கே சைக்கிள் ஒரு பக்கம், கார் மின்சாமான் ஒரு பக்கம் என்று ஒரே ரோட்டில் வந்து அமைந்தன.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இந்தக் கம்பெனிகளிலோ எஸ்டேட்டிலோ வேலை பார்த்தோம். பஸ் ஸ்டாப்புகளின் பெயரே லூகாஸ், பிரிட்டானியா, டன்லப், டி.ஐ. என்றுதான். டன்லப் மூடிப் பல வருஷமாகிறது, ஸ்டாப்பின் பெயர் மட்டும் இருக்கிறது. நான் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் லேத் பார்த்தவன். செல்ஃப் செய்கிறவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருந்ததால் கார் எடுக்கவில்லை என்றால் ஊரில் எல்லோருக்கும் முதல் சந்தேகம் செல்ஃப் மேல்தான். "கழட்டி ரீவைண்டிங் குடு சார்" என்பார்கள். இது அந்தச் செல்ஃபுக்கு நடந்த அநியாயம் என்பது என் தீர்மானம். நான் பார்த்தவரையில் பாதிக்குமேல் குற்றம் வேறிடத்தில் இருந்தது.

பெரும்பாலும் ஒயரில். "ஹாரன் அடிக்குது, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பது அந்தக் கால வாதம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எடுப்பது சுமார் 8 ஆம்பியர். செல்ஃப் இழுப்பது 150க்கும் மேல். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சையால் 0.02 ஓம் தடை இருந்தால், லைட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செல்ஃபுக்கோ 12 வோல்ட்டில் 3 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். டெர்மினலில் கொதிநீரை ஊற்றிச் சுரண்டி, இறுக்கி, வாசலின் தடவினால் தீர்ந்துவிடும் வியாதிக்குப் பலர் புது பேட்டரி வாங்கினார்கள். டைனமோ வண்டிகளில் இன்னொரு தொல்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் செய்யாது. ரயில்வே கேட்டிலும் பாடி சந்திப்பிலும் நின்று நின்று போய் வந்தால் பேட்டரி வரவைவிடச் செலவு அதிகமான குடும்பம் மாதிரி ஆகிவிடும்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் (ஊர் இல்லை, வண்டியின் பாடி!) நடுவே ஒரு பின்னல் பட்டை இருக்கும், எர்த் பட்டை. அது துருப்பிடித்து விட்டால் கரண்ட் திரும்பி வர வழி தேடும். சோக் கேபிள் வழியாகக்கூட வரப் பார்க்கும். அதனால் செல்ஃப் போட்டுவிட்டுச் சோக் கேபிளைத் தொட்டுப் பார்ப்பார்கள் பழைய ஆட்கள். சுட்டால் வியாதி தெரிந்துவிட்டது.

ஒயரா, செல்ஃபா, பெண்டிக்ஸா என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. காசு செலவில்லை. இருட்டிய பிறகு வண்டியைச் சுவர் பார்த்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் செல்ஃப் போட வேண்டும். வெளிச்சம் அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியோ டெர்மினலோ. 'டொக்' என்று ஒரே ஒரு சத்தத்தோடு மங்கினால் பெண்டிக்ஸ் பல் ரிங்கில் சிக்கிக்கொண்டது. வெளிச்சம் அப்படியே இருந்து சத்தமும் இல்லையென்றால் கரண்ட் செல்ஃபுக்கே போகவில்லை, சுவிட்சையோ சோலனாய்டையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். செல்ஃப் மட்டும் 'ஙொய்' என்று தனியாகச் சுற்றினால் பல் கவ்வவில்லை.

சிக்கிக்கொண்ட பெண்டிக்ஸை விடுவிக்க கியர் வண்டியில் ஒரு வசதி. சாவியை அணைத்து, மூன்றாம் கியரில் போட்டு, இறங்கி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று விடும். கிளட்சும் கியரும் நம் கையில் இருந்ததால்தான் இந்தப் பிழைப்பு நடந்தது. தள்ளு ஸ்டார்ட்டும் அப்படித்தான். இரண்டாம் கியர், கிளட்சை மிதி, நாலு பேர் தள்ளட்டும், வேகம் வந்ததும் விடு. எங்கள் தெருவில் கார் தள்ளாத வாலிபன் கிடையாது.

சீசன் வியாதிகளும் உண்டு. கத்திரி வெயிலில் ஓடி வந்து பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தால் எடுக்காது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, ஏ.சி. பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுக் காத்திருப்பதுதான் வைத்தியம். அம்பாசடர் டாக்சிக்காரர்கள் ஒரு துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். ஐப்பசி மழையில் டெல்கோ மூடிக்குள் ஈரம், துடைத்தால் சரி. சூடானால் மட்டும் மக்கர் செய்யும் கண்டென்சர் ஒன்று உண்டு, அதை ஆறிய பிறகு சோதித்தால் நல்ல பிள்ளையாக இருக்கும்.

இப்போது என் வண்டி. 79ல் செகண்ட் ஹாண்டாக வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து பெண்டிக்ஸ் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கோளாறு அது. மாமனார் எங்களோடு இருந்தார், நெஞ்சு வலிக்காரர். அவருக்காகத்தான் கார். ராத்திரி அவசரமென்றால் திருமுல்லைவாயிலில் அன்றைக்கு டாக்சிக்கு எங்கே போவது? வாங்கின ஆறாம் மாதம் வண்டி இந்தக் குணத்தைக் காட்டியது. பத்து தடவையில் ஒன்பது தடவை உடனே எடுக்கும். அந்தப் பத்தாவது தடவை எது என்று தெரியாது. என் மனைவி தினம் ராத்திரி படுக்கப் போகும்முன், "வண்டி எடுக்குதான்னு ஒரு தடவை பாத்துட்டு வாங்க" என்பாள். எடுத்தது என்று பார்த்துவிட்டு வந்து படுத்தால் அடுத்த தடவைக்கு அது உத்தரவாதம் இல்லை என்பது எனக்குத் தெரியும், அவளிடம் சொல்வதில்லை. ஒரு பட்டறையில் செல்ஃபை ரீவைண்டிங் செய்தார்கள். இன்னொரு பட்டறையில் பேட்டரி மாற்றச் சொன்னார்கள். இரண்டு மாதச் சம்பளம் போயிற்று, குணம் போகவில்லை.

கடைசியில் அம்பத்தூரில் ஒரு வயதான பாய். வண்டியைத் தொடவே இல்லை. ஒரு கேள்வி கேட்டார். "சார், எடுக்காத அன்னிக்கு கியர்ல போட்டு ஒரு முழம் தள்ளிட்டு செல்ஃப் போட்டீங்களா? அப்ப எடுத்துச்சா?" யோசித்துப் பார்த்தால், ஆமாம். தள்ளு ஸ்டார்ட் பண்ணலாம் என்று கியரில் போட்டுக் கொஞ்சம் நகர்த்தியதும் செல்ஃபே எடுத்த நாட்கள் இருந்தன.

பாய் ஹேண்டிலை வாங்கி மாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜினைச் சுற்றி, ஒவ்வொரு இடத்திலும் என்னைச் செல்ஃப் போடச் சொன்னார். ஓர் இடத்தில் 'கர்ர்ர்' என்று பல் அரைகிற சத்தம், இன்ஜின் சுற்றவில்லை. கால் சுற்று தள்ளி வைத்தார், உடனே எடுத்தது. நிறுத்திவிட்டு மறுபடி அந்தக் கெட்ட இடத்துக்குக் கொண்டு வந்தார், அதே கர்ர்ர். மூன்று தடவை செய்து காட்டினார்.

விஷயம் இதுதான். நாலு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்காது. ஏதாவது ஒரு சிலிண்டரின் காற்றழுத்தம் எதிர்த்துத் தள்ளும் இடத்தில் தயங்கி நின்றுவிடும். அரைச் சுற்றுக்கு ஒரு முறை அப்படி ஓர் இடம் வருவதால், ஃப்ளைவீல் எப்போதும் எதிரெதிரான இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். பெண்டிக்ஸோ, முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே வந்து ரிங் பல்லில் மோதிக் கவ்வுகிற சாதனம். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்த இரண்டு இடத்துப் பற்களே அடி வாங்கித் தேய்ந்துவிடும். மற்ற பற்கள் புதுசு மாதிரி இருக்கும். எப்போதாவது சரியாகத் தேய்ந்த பல்லில் நின்றால் அன்றைக்கு எடுக்காது. பேட்டரிக்கும் செல்ஃபுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதியில் சோலனாய்டு முதலில் பல்லை உள்ளே தள்ளிவிட்டுப் பிறகுதான் மோட்டாரைச் சுற்றும், அதனால் இந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. அந்த வண்டிகளை மட்டும் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியாது.

புது ரிங் கிடைக்கும், ஆனால் வேண்டாம் என்றார் பாய். கியர்பாக்ஸை இறக்கி, ஃப்ளைவீலைக் கழற்றி, பக்கத்துக் கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போனோம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிற அதே வேலைதான். ரிங்கைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்றினால் அது விரிந்து கழன்று வரும். தேய்ந்த இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டு, கால் சுற்று திருப்பி, சூட்டோடு சூடாக மறுபடி உட்கார வைத்து, ஆற விட்டார்கள். ஆறினதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. தேயாத பற்கள் இப்போது இன்ஜின் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டன. மொத்தச் செலவு ரீவைண்டிங்குக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

மாமனார் அதன்பின் மூன்று வருஷம் இருந்தார். இரண்டு தடவை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இரண்டு தடவையும் சாவியைத் திருப்பியதும் எடுத்தது. 91ல் வண்டியைத் திருவள்ளூர்க்காரர் ஒருவருக்கு விற்றேன். ஹேண்டிலையும் சேர்த்துக் கொடுத்தபோது, இது எதற்கு என்று கேட்டார். பாய் சொன்னதை அவருக்குச் சொன்னேன்: "இன்னும் ஒரு பத்து வருஷம் கழிச்சு கர்ர்ர்னா, கால் சுத்து."