வெட்டிக் கட்டும் பாலமும் ஒட்டி நிற்கும் பாலமும்

முன்வரிசையில் ஒரு பல் போய்விட்டால் பல் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் வழி ஒன்று உண்டு: “பக்கத்துப் பல் ரெண்டையும் தேச்சு, கேப் போட்டு, நடுவுல பல் வச்சிடலாம்.” நாமெல்லாம் அறிந்த பிரிட்ஜ் இதுதான். அதே இடைவெளியை நிரப்ப இன்னொரு பாலமும் இருக்கிறது. பக்கத்துப் பல்லின் உட்புறத்தில் சிறகு போன்ற மெல்லிய தகட்டை ரெசின் பசையால் ஒட்டி, அந்தத் தகட்டோடு சேர்ந்த செயற்கைப் பல்லை இடைவெளியில் நிறுத்துவார்கள். மருத்துவர்கள் இதை மேரிலாண்ட் பிரிட்ஜ் என்பார்கள். ஒட்டுப் பாலம் என்று நாம் சொல்லலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறோம். கெட்டுப்போகும்போது எதைக் கெடுத்துவிட்டுப் போகிறது என்ற கேள்வியும் அதே அளவு முக்கியம் என்பது என் கருத்து.

கேப் போடுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் தேய்த்தால், வெளியே தெரியும் பல்லில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது. 2002-இல் எடெல்ஹாஃப், சோரென்சென் என்ற ஆய்வாளர்கள் மாதிரிப் பற்களை எடைபோட்டுச் சொன்ன கணக்கு இது. ஒட்டுப் பாலத்துக்கும், பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய வெனீர்களுக்கும் அதே கணக்கு 3 முதல் 30 சதவீதத்துக்குள் அடங்கியது. தேய்த்த எனாமல் மறுபடி வளராது. சொத்தையே இல்லாத இரண்டு பற்களை, இல்லாத ஒரு பல்லுக்காக இப்படிக் குறைப்பது சிறிய விலை அல்ல.

ஒட்டும் வழி பிறந்ததற்கு வேர் 1955-இல் இருக்கிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை அரித்தால் ரெசின் அதில் இறுகப் பிடிக்கிறது என்று காட்டினார். 1973-இல் பிரான்சின் ரோஷெட், துளையிட்ட உலோகத் தகட்டை ஆடும் பற்களின் பின்புறம் ஒட்டினார். 1980-களின் தொடக்கத்தில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் லிவாடிடிஸும் தாம்ப்சனும் துளைகளை விட்டுவிட்டு, உலோகத்தையே மின்னாற்றலால் அரித்துப் பசைக்குப் பிடிமானம் தந்தார்கள். பெயர் வந்த கதை அதுதான்.

இனி பழுதுகளுக்கு வருவோம். கேப் பாலத்தைத் தாங்கும் பற்களில் பத்தாண்டுக்குள் நூற்றுக்குப் பத்தளவில் உள்ளே உயிரிழந்துவிடுகின்றன என்று 2004-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. பிறகு ரூட் கேனால்தான். கேப்பின் ஓரத்துக்கு அடியில் சொத்தை ஊர்ந்தாலும் வெளியே தெரிவதில்லை; தெரியவரும்போது தாங்கும் பற்களே போகலாம், ஓரிடத்து இடைவெளி மூன்றிடத்து இடைவெளியாகலாம். ஒட்டுப் பாலத்தின் முதன்மைக் குறை வேறு: அது கழன்றுவிடும். எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்த 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் ஐந்தாண்டுக்குள் ஐந்தில் ஒன்று கழன்றிருந்தது. இப்படிக் கழல்வதுதான் அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. ஆனால் கழன்ற பாலத்தைப் பெரும்பாலும் சுத்தம் செய்து மறுபடி ஒட்டிவிடலாம். பல் பத்திரமாக இருக்கிறது.

கழல்வதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும். இருபுறமும் சிறகு வைத்தால்தான் உறுதி என்று எல்லாரும் நினைத்தார்கள். கேட்டதும் நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பல்லும் தாடை எலும்பில் நுண்ணிய தசைநார்களால் தொங்குகிறது. கடிக்கும்போது ஒவ்வொன்றும் தன் போக்கில் சற்றே அசையும். இருவர் தோளில் ஒரே கம்பைச் சுமந்து ஆளுக்கொரு நடையாக நடந்தால் கம்பு என்ன பாடுபடுமோ, அதே பாடு பசைக்கும். ஒரு சிறகு விட்டுப்போனால் மறுசிறகு பிடித்துக்கொண்டிருப்பதால் நோயாளிக்குத் தெரிவதே இல்லை. விட்ட சிறகின் அடியில் உணவு தங்கிச் சொத்தை விழுகிறது.

ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மத்தியாஸ் கெர்ன் பீங்கானில் இருசிறகுப் பாலங்களைச் செய்து பார்த்தபோது, சிலவற்றில் ஒருபக்க இணைப்பு முறிந்தும், மறுசிறகு மட்டுமே பல்லைப் பல ஆண்டு தாங்கியது. அப்படியானால் ஒன்றே போதாதா என்று கேட்டு, ஒற்றைச் சிறகுப் பாலங்களைச் செய்யத் தொடங்கினார். 2011-இல் அவரும் சக ஆய்வாளர் சாஸும் வெளியிட்ட பத்தாண்டு முடிவில் இருசிறகுப் பாலங்களில் 73.9 சதவீதமும் ஒற்றைச் சிறகுப் பாலங்களில் 94.4 சதவீதமும் நிலைத்திருந்தன. பின்னர் சிர்கோனியா என்ற வலுவான பீங்கானில் செய்த ஒற்றைச் சிறகுகள் பத்தாண்டில் 98.2 சதவீதம் நின்றன. ஒட்டுப் பாலத்தைத் தள்ளிவைத்தவர்கள் பழைய வடிவத்தை மனத்தில் வைத்தே தள்ளினார்கள் என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

இதற்காகக் கேப் பாலத்தைப் புறந்தள்ள முடியாது. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்போடு இருந்தாலோ கேப் போட்டிருந்தாலோ, அதுதான் நேர்மையான வழி. அங்கே பசை பிடிக்க எனாமல் மிச்சமில்லை. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், மேல்பல் கீழ்பல்லை ஆழமாக மூடியிருப்பவர்கள், பல பற்கள் தொடர்ந்து இல்லாதவர்கள் ஆகியோருக்கு ஒட்டுப் பாலம் பொருந்துவது அரிது. ஒட்டும் வேலைக்குப் பொறுமையும் வேண்டும்: ரப்பர் டேம் என்ற ரப்பர் விரிப்பைக் கட்டி எச்சில் படாமல் காக்காவிட்டால் எத்தனை நல்ல பசையும் தோற்கும்.

மாறாக, பிறவியிலேயே பக்கவாட்டு முன்பல் முளைக்காத பிள்ளைகளுக்கும், பதின்வயதில் அடிபட்டுப் பல் இழந்தவர்களுக்கும் ஒட்டுப் பாலத்தைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தாடை வளர்ந்து முடியும்வரை அவர்களுக்கு எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் வைக்கக் கூடாது. மற்றப் பற்கள் எலும்போடு இறங்கிவர, அது மட்டும் நின்ற இடத்தில் நின்றுவிடும்.

பக்கத்துப் பற்கள் பழுதில்லாமல் இருந்தால், தேய்க்கச் சம்மதிக்கும் முன் “ஒற்றைச் சிறகு ஒட்டுப் பாலம் எனக்குச் சரிவருமா, டாக்டர்?” என்று கேளுங்கள். சரிவராது என்றால் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.