பூட்டுக்கு முன் வரும் பெயர்

அம்பத்தூர் தொழிற்பேட்டை என்றதும் லேத்துப் பட்டறையும் சைக்கிளும் நினைவுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கிய ஊர் அது. இன்று அதே சாலைகளில் டேட்டா சென்டர்கள் எழும்பி நிற்கின்றன. 2023-இல் என்.டி.டி. தன் புதிய வளாகத்தைத் திறந்தது. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்‌ஷன் 20 மெகாவாட் திறனோடு வந்தது. இப்படிப்பட்ட கட்டடங்களுக்குள் வரும் ஒவ்வொரு பாதுகாப்பான இணைப்பின் முன்னாலும் ஒரு சின்ன வரி ஓடி வருகிறது. பார்க்க விரும்பும் தளத்தின் பெயர் அது. அந்த வரி பிறந்து வளர்ந்த கதை அதிகம் பேசப்படுவதில்லை.

ஒரே சர்வரில், ஒரே ஐ.பி. முகவரியில் பல தளங்களை வைப்பது பழைய வித்தை. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1, எந்தத் தளம் வேண்டும் என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் எழுதியாக வேண்டும் என்றது. மலிவான ஹோஸ்டிங் பிழைத்தது அதனால்தான். ஆனால் இணைப்பைக் குறியாக்கிக் காக்க 1995-இல் நெட்ஸ்கேப் கொண்டுவந்த எஸ்.எஸ்.எல். பூட்டுக்கு இந்த வித்தை பொருந்தவில்லை. ஒண்டுக் குடித்தன வீட்டுக்கு வரும் கடிதத்தில் பெறுபவர் பெயர் உறைக்குள்ளே மட்டும் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? சர்வருக்கும் அதே சங்கடம். தளத்தின் பெயர் பூட்டிய கோரிக்கைக்குள் இருக்கிறது. பூட்டைத் திறக்கவோ, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களில் எதை நீட்டுவது என்று முதலில் தெரிய வேண்டும். ஆகவே பூட்டு வேண்டிய ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஐ.பி. வாங்க வேண்டியிருந்தது.

ஐ.பி.வி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நம் ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான ஏப்னிக் அமைப்பு 2011 ஏப்ரல் 15 அன்று கடைசித் தொகுப்பைத் தொட்டது. அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள்தான் என்று அப்போது விதி வந்தது. தனி ஐ.பி.க்குத் தனிக் கட்டணம், சான்றிதழுக்கு ஆண்டுக்கு ஆண்டு பணம் என்றால் ஒரு சிறிய பள்ளியோ கல்யாண மண்டபமோ என்ன செய்யும்? பூட்டே வேண்டாம் என்று விட்டுவிடும். பெற்றோரின் கடவுச்சொல் வழியெல்லாம் திறந்தபடி போகும். ஒரே சான்றிதழில் பல தளங்களின் பெயரை அடுக்கும் மாற்று வழியும் இருந்தது. ஆனால் அதில் முன்பின் தெரியாத ஜவுளிக்கடையும் மருத்துவமனையும் ஒரே தாளில் பெயர் போட்டு நிற்க வேண்டும். ஒன்று விலகினால் சான்றிதழையே புதிதாக வாங்க வேண்டும்.

தீர்வு 2003 ஜூனில் ஆர்.எஃப்.சி. 3546 என்ற ஆவணத்தில் வந்தது. உலாவி சர்வருக்குச் சொல்லும் முதல் வணக்கத்திலேயே, பூட்டுப் போடுவதற்கு முன், தளத்தின் பெயரையும் சொல்லிவிடட்டும். அவ்வளவுதான் யோசனை. அதன் பெயர் சர்வர் நேம் இண்டிகேஷன், சுருக்கமாக எஸ்.என்.ஐ. இணையப் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அந்த முதல் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். எந்தெந்தக் குறியாக்க முறை தெரியும் என்ற பட்டியல், அதன்பின் நீட்சிகள். அவற்றில் 0 என்ற எண்ணுள்ள நீட்சி எஸ்.என்.ஐ.க்கு உரியது. அதற்குள் பெயரின் நீளம், பிறகு எழுத்தெழுத்தாகப் பெயர். தமிழில் பதிந்த டொமைன் என்றால் அது எக்ஸ்.என். என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிப் போகிறது. சர்வர் அந்தப் பெயரைப் பார்த்து, அதற்குரிய சான்றிதழை எடுத்து நீட்டுகிறது.

பிறந்த பிள்ளை நடக்கப் பத்தாண்டு ஆயிற்று. குறியாக்க மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் அதை 2007-இல் ஏற்றது, சர்வர் மென்பொருளான அப்பாச்சி 2009-இல்தான். அதைவிடப் பெரிய தடை விண்டோஸ் எக்ஸ்பி. அதில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எதுவும் பெயரைச் சொல்லாது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் அப்போது எக்ஸ்பிதானே ராஜா? பழைய ஆண்ட்ராய்டு 2.3-இன் உலாவியும் அப்படியே. பெயர் வராததால் சர்வர் முதலில் இருக்கும் தளத்தின் சான்றிதழை நீட்டும். திரையில் எச்சரிக்கை வரும். வாடிக்கையாளர் பயந்து மூடிவிடுவார். 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்திய பிறகே ஹோஸ்டிங்காரர்களுக்குத் துணிச்சல் வந்தது.

2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசச் சான்றிதழை எல்லாருக்கும் திறந்துவிட்டது. 2018 ஜூலையில் பூட்டில்லாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று குரோம் குறிக்கத் தொடங்கியது. இன்று என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஒரு தளத்துக்கு ஒரு சர்வர் பிளாக். அதற்குள் தளத்தின் பெயர் ஒரு வரி, சான்றிதழ் இருக்குமிடம் ஒரு வரி, சாவி இருக்குமிடம் ஒரு வரி. எல்லாத் தளமும் கேட்பது ஒரே 443-ஆம் போர்ட்டில். ஆவடியில் ஒரு பள்ளி, திருமழிசையில் ஒரு பட்டறை, பூந்தமல்லியில் ஒரு மண்டபம், மூன்றுக்கும் ஒரே ஐ.பி., ஆளுக்கொரு பூட்டு. இதற்கான புகழெல்லாம் இலவசச் சான்றிதழுக்கே போகிறது. அது நியாயமில்லை. அந்த 0-ஆம் நீட்சி இல்லாவிட்டால் சான்றிதழ் சும்மா கிடைத்தும் வைக்க முகவரி இருந்திருக்காது.

ஆனால் அந்தப் பெயர் இன்னும் பெரும்பாலும் திறந்தபடியே பயணிக்கிறது. எஸ்.எஸ்.எல்.-இன் வாரிசாக 2018 ஆகஸ்டில் வந்த டி.எல்.எஸ். 1.3, சர்வர் அனுப்பும் சான்றிதழைக்கூட மறைத்தது; பெயரை மறைக்கவில்லை. ஒருவர் மனநல மருத்துவமனையின் தளத்தைத் திறந்தால், உள்ளே என்ன படித்தார் என்பது தெரியாது. எங்கே போனார் என்பது வழியிலிருக்கும் எவருக்கும் தெரியும். ஜியோ இந்தப் பெயரைப் பார்த்தே தளங்களைத் தடுக்கிறது என்று 2019-இல் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டியின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வசதிக்காகச் சொன்ன பெயர் காவலுக்குப் பயன்படுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மறைக்கும் வழியும் வந்துவிட்டது. ஈ.சி.எச். என்ற முறையில் வெளியே ஒரு பொதுப்பெயர் மட்டும் தெரியும்; உண்மைப் பெயர், இணையத்தின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ்.-இல் கிடைக்கும் சாவியால் பூட்டப்பட்டு உள்ளே போகும். 2023-இல் குரோமும் பயர்பாக்ஸும் இதை இயக்கிவிட்டன. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: இடமில்லாமல் ஒரே முகவரியில் நெருக்கியடித்த தளங்களுக்கு அந்த நெருக்கமே மறைவாகிறது. ஆனால் மூன்றே தளம் உள்ள சர்வரில் பெயரை மறைத்துப் பயன் குறைவு, ஐ.பி.யைப் பார்த்தே மூன்றில் ஒன்று என்று ஊகித்துவிடலாம். கூட்டம் வேண்டும். அதற்காக எல்லாரும் கிளவுட்ஃபிளேர் போன்ற பெரிய கம்பெனிகளின் பின்னால் போய் ஒளிய வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான தளங்களை ஒரே முகவரியில் வைத்திருக்கும் உள்ளூர் ஹோஸ்டிங்காரரே அவற்றை ஒரு பொதுப்பெயரின் பின்னால் நிறுத்தலாம். அம்பத்தூரில் சர்வர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.