கரை விளக்குகளும் ஆமைக் குஞ்சுகளும்

சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் முட்டையிடுகின்றன. இரவில் மணலைத் தள்ளி வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான பக்கம் ஊர்ந்து போகும். முன்பு அது கடல்மேல் கவிந்த வானம். தெருவிளக்குகள் வந்தபின் குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பி, நாய்க்கும் வண்டிக்கும் இரையாயின.

1970-களில் ஊர்வன ஆய்வாளர்களான ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் முதலியோர் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைக் காத்தனர். அரிய உழைப்பு அது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நடையைத் தொடர்கிறது. முட்டைகள் பொரிப்பகத்துக்கு மாற்றப்படுகின்றன.

குஞ்சுகளுக்கு இருள் வேண்டும்; கரையில் உலவும் மக்களுக்கோ வெளிச்சம் வேண்டும். நீல வெள்ளை ஒளியே குஞ்சுகளை அதிகம் இழுக்கிறது. தாழ்வாக, கடல்பக்கம் மறைத்து வைத்த செம்மஞ்சள் விளக்கு இருதரப்புக்கும் ஓரளவு பொருந்தும்.