காவிரிக்கரை கேம்பிரிட்ஜ்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு யாராவது என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "ரேங்க்ல முன்னால இருக்கிற காலேஜா பார்த்துச் சொல்லுங்க சார்" என்பார்கள். கும்பகோணத்தில் முப்பது ஆண்டு வரலாற்றுப் பாடம் நடத்தியவன் நான். அவர்களை உட்காரவைத்து எங்கள் ஊர்க் கதையைச் சொல்வேன்.

1854இல் பள்ளியாகப் பிறந்து, 1867இல் கல்லூரியானது குடந்தை அரசுக் கல்லூரி. போர்ட்டர், கோபால ராவ் போன்ற ஆசிரியர்களால்தான் அதற்குத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்ற பெயர் வந்தது. இப்போது எல்லோரும் பார்க்கும் அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் முதன்முதலில் வெளியானதே 2016இல்தான். போர்ட்டர் காலத்திலோ ஆசிரியர் பெயர்தான் கல்லூரியின் பெயர்.

1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது, தமிழாசிரியர் இடத்துக்கு அவர் கைகாட்டியது இருபத்தைந்து வயது உ.வே. சாமிநாதையரை. கல்லூரிப் பட்டம் ஏதும் அவரிடம் இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதே அவர் தகுதி. அவ்வாண்டே, ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணிக் காப்பியம் படித்ததுண்டா என்று அவரிடம் விசாரித்தார். அந்தக் கேள்வியின் பலன், 1887இல் சாமிநாதையர் பதிப்பாக அச்சேறிய சீவக சிந்தாமணி.

கணித மேதை இராமானுஜன் 1904இல் உதவித்தொகையுடன் இங்கே சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதில் மனம் செல்லவில்லை. உதவித்தொகை பறிபோனது, படிப்பும் நின்றது. பிறகு பச்சையப்பன் கல்லூரியில் படித்தும், அன்றைய இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் தேறவில்லை. 1916இல் அசல் கேம்பிரிட்ஜே அவருடைய ஆய்வுக்குப் பட்டம் கொடுத்தது. ஆனால், பள்ளி நாளில் அவருக்குக் கணிதப் பித்தை ஏற்றிய கார் என்பவரின் நூல், நண்பர் ஒருவர் இதே கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துத் தந்தது.

கல்லூரியின் பெயர் வீண் என்று நான் சொல்லமாட்டேன். சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு முதல் வேலையின் கதவை அது திறந்துவிடும். ஆனால் பட்டியலில் ஆய்வுக்கும் வெளியார் அபிப்பிராயத்துக்கும் மதிப்பெண் உண்டு; இளங்கலை மாணவனுக்கு வேண்டியதோ, பாடம் நடத்தும் ஆசிரியரும் திறந்திருக்கும் நூலகமும்.

ஆகவே பெற்றோரே, பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலைநாளில் அந்தக் கல்லூரிக்குப் போய்வாருங்கள். நூலகத்துக்குள் நுழைந்து பாருங்கள். வகுப்புக்கு ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று இரண்டாம் ஆண்டு மாணவர் நாலு பேரைக் கேளுங்கள். பட்டியலை அதற்குப் பிறகு புரட்டலாம்.